ஆன்லைனில் இந்திய அரசமைப்பு படிப்பவர்களுக்கு: வீடியோவை நிறுத்திவிட்டு மூலத்தைத் திறங்கள்

ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் அரசமைப்பும் ஒன்றிய அரசாங்கமும் பற்றிய பாடத்தை எடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வாரத்துக்குரிய வீடியோவைப் பார்த்ததும் அந்த வாரப் பாடம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பேராசிரியர் சொல்வது விளக்கம். தேர்வில் மடக்குவது சட்டத்தில் உள்ள சொல்.

சேர்வதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. ஸ்வயத்தில் சேர்வது இலவசம், ஆனால் கிரெடிட் வேண்டுமானால் உங்கள் கல்லூரி அதை ஏற்க வேண்டும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். எந்தத் தாளுக்கு ஈடாக இதை எடுத்துக்கொள்வார்கள் என்பதைத் துறையில் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவுசெய்வது வேறு. தேர்வுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. பாடம் முழுக்க ஒழுங்காக அசைன்மென்ட் போட்டுவிட்டு இந்தத் தேதியைக் கோட்டைவிட்டால் சான்றிதழ் கிடையாது.

ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் அமைப்பின் 12 வாரப் பாடங்களில், 12 அசைன்மென்ட்டில் சிறந்த 8-இன் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 என்று இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். அசைன்மென்ட்டில் முழு 25 வாங்கியவர் தேர்வில் 28 எடுத்தால் மொத்தம் 53, ஆனாலும் தேர்ச்சி இல்லை. மற்ற அமைப்புகள் நடத்தும் பாடங்களில் பங்கீடு மாறும். பாடத்தின் அறிமுகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரட்டை நிபந்தனை நினைவில் இருக்கட்டும், அரசமைப்பின் 368-ஆவது உறுப்பில் (ஆர்ட்டிக்கிள்) திரும்ப வரும்.

மூலத்தைப் படிக்கும் விதம்

சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் அரசமைப்பு முழுவதும் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. கைடு வாங்கும் முன் அதை இறக்கிவையுங்கள். சில சொற்கள் சதுர அடைப்புக்குள், முன்னால் சின்ன எண்ணோடு இருக்கும். அந்த எண்ணுக்குரிய அடிக்குறிப்பு, எந்தத் திருத்தம் அதைச் சேர்த்தது, எந்த நாள் முதல் என்று சொல்லும். முகப்புரையில் ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ ஆகிய சொற்களுக்கு அடியில் 42-ஆவது திருத்தம், 3-1-1977 முதல் என்று இருக்கும். 1950-இலேயே இவை இருந்தன என்று எழுதுகிறவர் அடிக்குறிப்பைப் பார்க்காதவர்.

ஒரு சொல் எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதற்கு 356-ஆவது உறுப்பை எடுத்துக்கொள்வோம். ஆளுநரின் அறிக்கை வந்தால் மாநில ஆட்சியைக் கலைக்கலாம் என்று நோட்ஸில் சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். மூலத்தில் இருப்பது, ஆளுநரிடமிருந்து அறிக்கை பெற்றதன் பேரில் ‘அல்லது வேறுவகையில்’ குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால் என்பது. 1991 ஜனவரியில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டபோது ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்பவில்லை. அந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் கலைத்தார்கள். பிறகு 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு, இந்த அறிவிப்பை நீதிமன்றம் ஆராயலாம், பெரும்பான்மை சோதிக்கப்பட வேண்டிய இடம் சட்டமன்றம் என்று சொன்னது. ‘ஆளுநர் அறிக்கை கட்டாயம்’ என்ற வாக்கியம் சரியா தவறா என்று கேட்டால், மூலம் படித்தவருக்கு அரை நிமிட வேலை.

எண்ணிக்கையைக் கையால் போட்டுப் பாருங்கள்

அரசமைப்புத் திருத்தத்துக்கு ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்று மட்டும் மனப்பாடம் செய்வது இந்தப் பாடத்தின் மிகப் பழைய தவறு. 368 கேட்பது இரண்டு: அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். மக்களவையில் 543 இடம், ஆகவே முதல் நிபந்தனைக்கு 272. ஒருநாள் 390 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு 260. ஆதரவு 265 வந்தால்? இரண்டாவது நிபந்தனை நிறைவேறுகிறது, முதலாவது இல்லை. மசோதா தோற்றது. இனி 450 பேர் வாக்களித்து 290 பேர் ஆதரித்தால் 272-ஐத் தாண்டியாயிற்று, ஆனால் வேண்டியது 300. மறுபடியும் தோல்வி. மாநிலங்களவைக்கும் (245 இடம், 123) இதே கணக்கைப் போடுங்கள். கூட்டாட்சி தொடர்பான சில உறுப்புகளைத் திருத்த, மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலும் வேண்டும்.

இங்கேதான் அடுத்த குழப்பம் ஒட்டிக்கொள்ளும். இரு அவைகளும் ஒத்துவராவிட்டால் கூட்டுக் கூட்டம் என்று 108 சொல்கிறதல்லவா? அது சாதாரண மசோதாவுக்கு மட்டும். திருத்த மசோதாவுக்கு ஒவ்வொரு அவையும் தனியே நிறைவேற்ற வேண்டும் என்று 368-இலேயே இருக்கிறது. பண மசோதாவுக்கும் கூட்டுக் கூட்டம் தேவைப்படாது. மாநிலங்களவை 14 நாளில் பரிந்துரையோடோ இல்லாமலோ திருப்பித் தர வேண்டும், அவ்வளவே. கூட்டுக் கூட்டம் வைத்து மசோதா நிறைவேறியது மூன்றே முறை: 1961, 1978, 2002. வரதட்சணைத் தடை, வங்கிப் பணி ஆணைய நீக்கம், பொடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்).

வழக்குகள்

கேசவானந்த பாரதி தீர்ப்பு 700 பக்கத்தைத் தாண்டும். முழுதும் படிக்கப் போய் ஒரு மாதத்தைத் தொலைக்காதீர்கள். ஒரு வழக்குக்கு ஐந்து வரி போதும்: ஆண்டு, நீதிபதிகள் எண்ணிக்கை, எந்த உறுப்பு, எது கேள்வி, என்ன முடிவு. ஆனால் தனித்தனி அட்டையாக வைக்காமல் சங்கிலியாக எழுதுங்கள். 1951 சங்கரி பிரசாத்: அடிப்படை உரிமையையும் திருத்தலாம். 1967 கோலக்நாத், நீதிபதிகள் 6-5 என்று பிரிந்து: கூடாது. 1971-இல் நாடாளுமன்றம் 24-ஆவது திருத்தத்தால் பதில் சொன்னது. 1973 கேசவானந்தா, 7-6: திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது. 42-ஆவது திருத்தம் மீண்டும் எல்லையை நீக்கப் பார்த்தது. 1980 மினர்வா மில்ஸ் அதைச் செல்லாதென்றது. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பதில் என்று தெரிந்தால் ஆண்டுகள் தானாக நிற்கும். அதேபோல் சென்னை மாகாண வகுப்புவாரி இடஒதுக்கீட்டு அரசாணையை ரத்துசெய்த செண்பகம் துரைராஜன் வழக்கையும் (1951), அதற்குப் பதிலாக முதல் திருத்தத்தில் வந்த, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4)-ஐயும் ஒரே வரியில் எழுதுங்கள்.

பழைய நோட்ஸ், பல தமிழ்ச் சொற்கள்

மக்களவையில் 545 பேர் என்று இருந்தால் அந்த நோட்ஸை மூடிவிடலாம். இரண்டு ஆங்கிலோ-இந்திய நியமன இடங்கள் 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு போய்விட்டன. மசோதாக்கள் மீது ஆளுநர் முடிவெடுக்கும் காலம் இன்னும் வழுக்கலான இடம்: தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு வைத்தது, அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு 5 நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்றது. ஏப்ரல் செய்தியோடு நின்ற நோட்ஸ் பாதிக் கதை.

தமிழில் ‘ஆர்ட்டிக்கிள்’ என்பதற்கு உறுப்பு, பிரிவு, சரத்து என்று மூன்று சொற்கள் ஓடுகின்றன, இலங்கையில் உறுப்புரை. ‘பகுதி’ என்பது பல உறுப்புகள் அடங்கிய தொகுதி. பிரிவையும் பகுதியையும் மாற்றி எழுதினால் விடையே மாறும். தமிழ்வழி மாணவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே எழுதி வாருங்கள், ஏனென்றால் வினாத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்: வீடியோ இரண்டரை, மூலம் இரண்டு, மிச்சம் அசைன்மென்ட்டும் திரும்பிப் பார்ப்பதும். வீடியோவில் ஒரு உறுப்பின் எண் வந்த உடனே நிறுத்தி, பிடிஎஃப்பில் அதைப் படித்துவிட்டுத் தொடருங்கள். கடைசி இரண்டு வாரத்தில் வெள்ளைத் தாளில் ஒரு சாதாரண மசோதா, ஒரு பண மசோதா, ஒரு திருத்த மசோதா மூன்றும் அறிமுகத்திலிருந்து குடியரசுத் தலைவர் ஒப்புதல்வரை போகும் பாதையை, வழியில் வரும் உறுப்பு எண்களோடு, எதையும் பார்க்காமல் வரையுங்கள். கை நிற்கும் இடத்தில் மூலத்தைத் திறங்கள்.