குடும்பமாக உதவக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை விட்டால் போதும், பிள்ளைகளோடு சேர்ந்து அக்கம்பக்கத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று புதிதாக நாலு குடும்பங்கள் ஆசையாகக் கிளம்பும். ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். நேரத்துக்குப் போங்கள், முகம் சுளிக்காதீர்கள் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொன்னால்தான் தெரியும் என்கிற சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

அண்டா நிறையச் சமைத்து மூடி எடுத்துப் போவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். காலை 8 மணிக்கே சமையல் முடிந்துவிடும். பிள்ளைகள் டப்பாவில் அடைப்பார்கள், மூடிமேல் படம் வரைந்து ஒட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சாப்பிடுகிறவர் கைக்குப் போகும்போது மணி 1. அந்த 5 மணி நேரமும் சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்திருக்கிறது.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும்போதுகூடச் சாவதில்லை. சூடு தணிந்ததும் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. "சூடு பண்ணிச் சாப்பிடச் சொன்னோமே" என்று தப்பிக்க முடியாது. வாசனையும் காட்டிக்கொடுக்காது. வாங்கிச் சாப்பிடுகிறவர் வயதானவராக இருந்தால் ஒரு வேளை வாந்தியே ஆளைச் சாய்த்துவிடும்.

கொடுக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இறக்கியதிலிருந்து சாப்பிடும்வரை 2 மணி நேரம் தாண்டக் கூடாது. தாண்டும் என்றால் இரண்டே வழிதான். ஒன்று, சூடு காக்கும் பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்க உணவை நிரப்புங்கள். கொடுக்கும்போதும் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று உணவு வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள். இன்னொன்று, அகலத் தட்டில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, சட்டென்று ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளினால் ஓரம் குளிரும், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மூடிமேல் படம் இருக்கட்டும். கூடவே சமைத்த நேரமும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பால், முட்டை, கோதுமை, கடலை சேர்ந்திருக்கிறதா என்பதும் இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையல் பக்கமே வரக் கூடாது.

முதியோர் இல்லத்துக்கு வாழ்த்து அட்டை

"சீக்கிரம் குணமாகுங்கள்" என்று எழுதாதீர்கள். அது அவர்கள் குடியிருக்கும் வீடு, ஆஸ்பத்திரி இல்லை. எழுத்து விரல் அகலத்துக்குப் பெரிதாக, அடர்ந்த மையில் இருக்கட்டும். மினுமினுப்புத் தூள் வேண்டாம். உதிர்ந்து கண்ணிலும் படுக்கையிலும் ஒட்டும். பிள்ளையின் முதல் பெயர் போதும், பள்ளியும் முகவரியும் எதற்கு?

தெருவோரப் புத்தகப் பெட்டி

2009-ல் அமெரிக்காவின் ஹட்சன் நகரில் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாகப் பள்ளிக்கூட வடிவில் ஒரு பெட்டி செய்து, யார் வேண்டுமானாலும் புத்தகம் எடுக்கலாம், வைக்கலாம் என்று வீட்டு முன் வைத்தார். அதைப் பார்த்துப் பெட்டி செய்கிறவர்கள் கூரையைத் தட்டையாக வைத்துவிடுகிறார்கள். முதல் மழையிலேயே புத்தகம் ஊறிவிடும். கூரை சரிவாகவும், கதவுக்கு வெளியே நாலு விரல் நீண்டும் இருக்க வேண்டும். அடியில் காற்றுத் துளை இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை கிழிந்ததை எடுத்துப்போட ஆள் இல்லாவிட்டால் பெட்டியே வைக்காதீர்கள்.

படம் எடுப்பது

உதவி வாங்குகிறவர் முகம் வேண்டாம்.

குப்பை பொறுக்குதல்

ஆளுக்கொரு நீண்ட இடுக்கி, தடித்த கையுறை. ஊசி, உடைந்த கண்ணாடி, பேட்டரி கண்ணில் பட்டால் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டும். 45 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அதற்குமேல் போனால் பிள்ளைகள் கையில் இடுக்கி விளையாட்டு வாளாகிவிடும்.

"வாரா வாரம் வருகிறோம்"

தனியாக இருக்கும் பாட்டியிடம் இப்படிச் சொல்லிவிட்டு மூன்றாவது வாரமே நின்றுபோகிறவர்கள் அதிகம். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நாலு தடவை என்று பேசி, நாலு தேதியையும் அவர் நாள்காட்டியில் வட்டமிட்டுக் கொடுங்கள். வர முடியாது என்றால் முந்தின நாளே போன் போடுங்கள். ஐந்தாவது தடவையை நாலாவது நாள் பேசிக்கொள்ளலாம்.