தேய்த்தால் போகாத கருப்பு

மகனுக்கு 11 வயது, 58 கிலோ. பின்கழுத்தில் படிந்திருந்த கருப்பை அழுக்கென்று நினைத்து பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். பாவம், தோல் சிவந்ததுதான் மிச்சம். குழந்தைகள் டாக்டர் பார்த்ததுமே, "இன்சுலின் சரியா வேலை செய்யலைம்மா" என்றார். ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு) 168, அந்த வயதில் 130 தொட்டாலே அதிகமாம். ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது சின்ன வயதிலேயே தொடங்கும் என்றதும் வயிற்றைக் கலக்கியது.

பட்டினி போடவில்லை. டியூஷனுக்கு முன் தினமும் தந்த பாட்டில் ஜூஸ், பப்ஸுக்குப் பதில் சுண்டலும் மோரும். (வாங்கித் தந்தது நான்தான், அவனைத் திட்டி என்ன பயன்?) சாயங்காலம் சைக்கிள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் வரணும் என்றார். மாதாமாதம் தையல் டேப்பால் அளந்தேன்.

எட்டு மாதத்தில் எடை ஒரு கிலோதான் குறைந்தது, ஆனால் 4 செ.மீ. வளர்ந்தான். ட்ரைகிளிசரைடு 104. கழுத்துக் கருப்பு இன்னும் லேசாக இருக்கிறது.