டீபகர் இணைய மறுக்கும்போது எங்கிருந்து தேடுவது

மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் ஓடும் நிரலின் பிழையைத் தேட, நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇயில் டீபக் பொத்தானை அழுத்தியதும் 'டார்கெட் கிடைக்கவில்லை' (சிப்பை எட்ட முடியவில்லை) என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிட்டால், ப்ராஜெக்ட் செட்டிங்குகளை மாற்றத் தொடங்க வேண்டாம். அந்த வரிக்குப் பின்னால் யூஎஸ்பி கேபிள், கணினியையும் சிப்பையும் இணைக்கும் சிறு கருவியான டீபக் ப்ரோப், வயர்கள், சிப், ப்ரோபை இயக்கும் ஓபன்ஓசிடி போன்ற சர்வர், அதனுடன் பேசும் டீபகரான ஜிடிபி எனப் பல அடுக்குகள் உள்ளன. தொடர்பு எதுவரை சரியாக இருக்கிறது என்று அறிவதுதான் முதல் வேலை. ஐடிஇயை மூடிவிட்டு ஓபன்ஓசிடியை டெர்மினலில் தனியாக இயக்குங்கள். ஐடிஇ மறைத்துவிடும் செய்திகள் அங்கே முழுமையாகத் தெரியும்.

ப்ரோபையே திறக்க முடியவில்லை என்று வந்தால், சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளா, லினக்ஸில் யூஎஸ்பி சாதனத்தைத் திறக்க அனுமதி தரும் யூடெவ் விதி விடுபட்டிருக்கிறதா, வேறொரு நிரல் ப்ரோபைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ரோப் கிடைத்த பின் ஓபன்ஓசிடி காட்டும் டார்கெட் வோல்டேஜைக் கவனியுங்கள். 3.3 வோல்ட் போர்டில் அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், போர்டுக்கு மின்சாரம் வரவில்லை அல்லது போர்டின் வோல்டேஜை ப்ரோபுக்குக் காட்டும் விடிரெஃப் வயர் இணைக்கப்படவில்லை. பல ப்ரோப்களில் அந்த வயர் செல்லும் பின் (இணைப்பு முனை) வோல்டேஜை அளக்க மட்டுமே பயன்படும், போர்டுக்கு மின்சாரம் தராது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அடுத்து கிரவுண்டையும், எஸ்டபிள்யூடிஐஓ (தரவு), எஸ்டபிள்யூசிஎல்கே (கடிகாரத் துடிப்பு) வயர்கள் இடம் மாறியுள்ளனவா என்பதையும் சரிபார்த்து, வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸாகக் குறையுங்கள். அந்த வேகத்தில் மட்டும் வேலை செய்தால் வயர்களின் நீளத்தையோ தளர்ந்த இணைப்பையோ சந்தேகிக்கலாம்.

வயர்களெல்லாம் சரியாக இருந்தும், நேற்றுவரை இணைந்த போர்டு இன்று இணையவில்லை என்றால், சிப்பில் கடைசியாக ஏற்றிய நிரல், அதாவது ஃபர்ம்வேர்தான் பெரும்பாலும் காரணம். எடுத்துக்காட்டாக, எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் பிஏ13, பிஏ14 ஆகிய பின்களே டீபக் பின்கள். அந்தச் சிப்புக்கான தொடக்கக் கோடை உருவாக்கித் தரும் க்யூப்எம்எக்ஸ் கருவியில் டீபக் தேர்வை 'சீரியல் வயர்' என்று மாற்றாமல் விட்டால், உருவாகும் கோடே தொடக்கத்தில் அவற்றை முடக்கிவிடக்கூடும். சிப் ஆழ்ந்த உறக்க நிலைக்குச் சென்றாலும் இதே அறிகுறிதான். இரண்டுக்கும் தீர்வு, கோடு ஓடத் தொடங்கும் முன் சிப்பைப் பிடிப்பது. ரீசெட் வயரையும் இணைத்து, 'கனெக்ட் அண்டர் ரீசெட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வயர் இல்லையெனில், சிப் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பூட்0 பின்னை 3.3 வோல்ட்டுடன் இணைத்து ரீசெட் செய்தால், சிப் தன் உள்ளேயுள்ள தொடக்க நிரலான பூட்லோடரிலிருந்து தொடங்கும். உங்கள் கோடு ஓடாது. அந்த இடைவெளியில் நிரல் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தை அழித்துவிட்டுத் திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றலாம். இத்தகைய சிப்களைப் பழுதென்று கழற்றி எறிவது வீண் இழப்பு.

இணைப்பு கிடைத்தும் டீபகர் தாறுமாறாக நடந்துகொண்டால், சிப்பில் இருப்பதும் ஜிடிபி படித்த, கம்பைல் செய்து கிடைத்த எல்ஃப் கோப்பும் ஒன்றுதானா என்று 'கம்பேர் செக்ஷன்ஸ்' கட்டளையால் ஒப்பிடுங்கள். ஃப்ளாஷில் வைக்கும் பிரேக்பாயின்ட்டுகளுக்கு (நிரல் நிற்க வேண்டிய இடங்களுக்கு) வரம்பு உண்டு. சிப்பின் கோர் (செயலி) கார்டெக்ஸ்-எம்3 என்றால் பொதுவாக 6, கார்டெக்ஸ்-எம்0வில் அதிகபட்சம் 4 மட்டுமே, எனவே பழையவற்றை நீக்கிவிட்டுப் புதியதை வையுங்கள். நிறுத்தி வைத்த சில நொடிகளில் சிப் தானாக ரீசெட் ஆனால், நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமரான வாட்ச்டாக் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஸ்டிஎம்32 சிப்களில் டீபக் அமைப்புகளுக்கான டிபிஜிஎம்சியூ ரெஜிஸ்டரில் அதற்குரிய பிட்டை அமைத்தால், கோர் நிற்கும்போது வாட்ச்டாக்கும் நிற்கும்.