மலைத் தேசியப் பூங்காவில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

கையில் இருப்பது ஒரே ஒரு நாள். காட்சி முனைகளைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் மலையும் ஏற வேண்டும். இப்படிக் கிளம்புகிற பலர், காலை முழுக்க காரில் ஒவ்வொரு வியூ பாயிண்டாக நின்று படம் எடுத்து, வயிறார சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ஏற ஆரம்பிக்கிறார்கள். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். காலையில் நடை, மாலையில் காட்சி. மலையின் வானிலை, விலங்குகள், வெளிச்சம், வாகன நிறுத்தத்தில் கிடைக்கும் இடம் எல்லாமே இந்த வரிசைக்குத்தான் ஒத்துவரும்.

படி 1: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

இதை ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பாதை திறந்திருக்கிறதா, நுழைய முன்பதிவு வேண்டுமா என்று பாருங்கள். அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் கோடைக் கூட்டத்தைச் சமாளிக்க நேரம் குறித்த அனுமதி வைத்திருக்கிறார்கள். விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். சுவிட்சர்லாந்தின் தேசியப் பூங்காவில் பாதையை விட்டு விலகவே கூடாது. நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போகவும் அனுமதியில்லை.

'எளிது', 'நடுத்தரம்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பூங்காவின் 'எளிது' இன்னொன்றில் மூச்சு முட்ட வைக்கும். பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் ஏற வேண்டும்.

உயரத்தை வரைபடத்திலிருந்தே எண்ணிவிடலாம். பள்ளிக்கூடப் புவியியலில் படித்த சமஉயரக் கோடுகள்தான். உதாரணத்துக்கு, அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் என்று வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருக்கிறது, ஐந்தாவது கோடு தோறும் தடிமனாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோட்டுக்கு 100 மீட்டர். பாதை எத்தனை தடித்த கோடுகளைக் கடக்கிறது என்று விரல் வைத்து எண்ணுங்கள். கோடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடம் செங்குத்து. விலகி நிற்கும் இடத்தில் நிதானமாக நடக்கலாம். பாதை நடுவில் இறங்கி மறுபடி ஏறினால், அந்த ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருவிக்குப் போகும் பாதைகளில் இன்னொரு விஷயம்: பல பாதைகள் முதலில் இறங்கும், திரும்பும்போதுதான் ஏற வேண்டியிருக்கும். கால் சோர்ந்த பிறகு வரும் ஏற்றம் அது.

படி 2: திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தவறவிடாதீர்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். சுருக்கினால், கிலோமீட்டருக்கு 12 நிமிடம், 100 மீட்டர் ஏற்றத்துக்கு 10 நிமிடம்.

மலைமேல் ஒரு ஏரி. ஒரு வழித் தூரம் 4 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். 48 நிமிடமும் 45 நிமிடமும் சேர்த்து 93 நிமிடம் வருகிறது. இது நிற்காமல் நடக்கும் பழகிய காலுக்கான கணக்கு. புதியவர்கள் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 2 மணி 20 நிமிடம். ஏரிக்கரையில் 40 நிமிடம், இறங்க ஒன்றரை மணி நேரம். மொத்தம் நாலரை மணி. காலை 7 மணிக்குக் கிளம்பினால் 9:20-க்கு ஏரி, 11:30-க்கு மறுபடி கார்.

இப்போது ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: '10 மணிக்குத் திரும்ப வேண்டும்'. ஏரி வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்று எதிரே வருகிறவர் சொன்னாலும் சரி. அவர் சொல்லும் பத்து நிமிடம் இறங்கி வந்த காலின் கணக்கு.

பாதையின் பெயர், கார் எண், திரும்பும் நேரம் மூன்றையும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் பூங்கா அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 3: பை கட்டுவது

மணிக்கு அரை லிட்டர் வீதம் தண்ணீர். மேலே சொன்ன நடைக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்க வேண்டாம். இனிப்போடு உப்புள்ள நொறுக்குத்தீனியும் கொஞ்சம். தலையில் மாட்டும் விளக்கு (ஹெட்லேம்ப்), விசில், பிளாஸ்திரி, தொப்பி, சன்ஸ்கிரீன்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். காற்று அடித்தால் அதைவிடக் குளிரும். ஆகவே ஒரே தடித்த ஸ்வெட்டரை விட, கழற்றிப் போட வசதியாக மூன்று அடுக்கு நல்லது: உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது கம்பளி பனியன், நடுவில் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைக் குளிர்ச்சட்டை), மேலே மழைக்கோட்டு. பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி எளிதில் காயாது. நீங்கள் நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

ஷூ ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். முந்தைய இரவு கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி, நகம் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும். மறுநாள் கட்டைவிரல் கறுத்துப் போவது இதனால்தான்.

வரைபடத்தை முன்கூட்டியே மொபைலில் இறக்கிவைத்து, ஏறத் தொடங்கியதும் ஃபிளைட் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். இல்லாத சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி தீராது.

படி 4: ஏறுங்கள்

பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். எதிரே ஆள் வந்தால் ஏறுபவருக்கு வழிவிடுவது பெரும்பாலான இடங்களில் வழக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கே இறங்காதீர்கள். அந்தத் தடத்தில் மழைத்தண்ணீர் ஓடி, மண் அரித்து, பாதையே சரிந்துவிடும்.

குதிகாலில் சூடாக உரசுவது போலத் தெரிந்தால் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், மேலே போகும்போது அது கொப்புளம். திரும்பும் இடத்தில் ஷூ லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் நன்றாக அழுத்தி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் இறங்குங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் போகும் பாதை என்றால், தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்து ஓய்வெடுத்தும் சரியாகவில்லை என்றால் இறங்குவதுதான் மருந்து.

படி 5: வானத்தைப் பாருங்கள்

வெயிலில் மலைச்சரிவு சூடாகி, காற்று மேலெழும்பி, மதியத்துக்குள் மேகம் திரண்டுவிடும். கோடையில் பல மலைகளில் பிற்பகல் இடிமழை இப்படித்தான் வருகிறது. வெள்ளைப் பஞ்சு மேகம் குறுகலாக உயரத் தொடங்கி அடிப்பகுதி கறுத்தால், காகிதத்தில் எழுதிய நேரத்துக்குக் காத்திராமல் இறங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகடு, தனிமரம், திறந்த வெளி மூன்றையும் விட்டு விலகுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மறுபடி ஏற வேண்டாம்.

மாட்டிக்கொண்டால் விசில். ஆல்ப்ஸ் பக்கம் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது வழக்கம். வட அமெரிக்காவில் மூன்று முறை.

படி 6: விலங்குகள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டரும் மற்ற பெரிய விலங்குகளிடமிருந்து 23 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும். அங்கே ஆட்களை அதிகம் காயப்படுத்தியது கரடி அல்ல, சாதுவாகப் புல் மேயும் காட்டெருமைதான். உங்களைப் பார்த்து விலங்கு மேய்ச்சலை நிறுத்தினாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். தீனி போடவே கூடாது, அணிலுக்குக்கூட.

படி 7: மாலையில் காட்சி முனைகள்

சாப்பிட்டு, ஷூவைக் கழற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு காரில் கிளம்புங்கள். எல்லா முனைகளையும் தொட வேண்டாம், மூன்று போதும். எதிர்ச்சரிவின் மேல் வெயில் விழும் முனையாகப் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கிய முனையாக, மாலைக்கு வையுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாறையின் மடிப்பெல்லாம் தெளிவாகத் தெரியும். அஸ்தமனம் பார்க்க மட்டும் மேற்கு.

மலைப்பாதையில் கார் இறங்கும்போது தாழ்ந்த கியரில் வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தீய்ந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சிக்னல் கிடைத்ததும் வண்டியை நிறுத்தி, காலையில் தகவல் அனுப்பியவருக்கு 'இறங்கிவிட்டோம்' என்று ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் அவர் பூங்கா அலுவலகத்தை எழுப்பிவிடுவார்.