காலிமுகத்திடல் வெயிலும் ஸ்டூடியோ வெளிச்சமும்: பழைய குடும்பப் படத்தில் கொலாஜ் செய்யும் முறை

பழைய குடும்பப் படமொன்றைப் புதிய பின்னணியில் பொருத்திக் கொலாஜ் செய்ய விரும்புகிறவர், கத்தரிக்கோலையோ மவுஸையோ தொடும் முன், மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும், வெளிச்சம் ஒவ்வாவிட்டால் கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த என் அம்மம்மாவின் படத்தைக் கொழும்பின் கடற்கரைத் திடலான காலிமுகத்திடலில் கடலுக்கு முன்னால் நிறுத்த முயன்றபோதுதான் இதைக் கற்றுக்கொண்டேன். மாலையில் அங்கே சூரியன் கடற்பக்கம் இறங்குவதால், கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் இருண்டும் தலைமயிரின் ஓரம் ஒளிர்ந்தும் இருக்கும். ஸ்டூடியோ விளக்கில் முகம் பளிச்சென்றிருந்த அம்மம்மா அந்த அந்திவானத்தோடு ஒட்டவேயில்லை. மறுநாள் காலையில் போய்ப் பின்னணியை மறுபடி எடுத்தேன். காலை வெயில் படமெடுப்பவரின் முதுகுப் பக்கமிருந்து வரும். அதிலும் டிசம்பரில் இடது தோளுக்கு மேலாகவும், ஜூனில் வலது தோளுக்கு மேலாகவும் வரும். பக்கம் பொருந்தவில்லையென்று ஆளின் படத்தை இடம்வலமாகத் திருப்பலாகாது. நான் திருப்பினேன், சேலைத் தலைப்பு வலது தோளுக்குப் போய்விட்டதை அம்மா பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். கடலும் வானும் மட்டுமுள்ள பின்னணியைத் திருப்புவதில் குறையில்லை.

மூலப்படத்தை ஒருபோதும் வெட்டாமல், 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளே போதும். வேண்டாத பகுதியை அழிக்காமல், படத்தின் மேல் இடும் மறைப்பான லேயர் மாஸ்க்கில் கறுப்பைத் தீட்டி மறைத்தால், தவறுதலாக மறைந்த காதோரத்தை வெள்ளை தீட்டி மீட்டுவிடலாம். பழைய படத்தின் கறுப்பு மங்கிப் பழுப்பாகியிருக்கும். ஆகவே ஒளி-இருளைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவி வழியாகப் புதிய படத்தின் கறுப்பையும் சற்று வெளிறச் செய்து, நிறத்தைக் குறைத்து, இரண்டுக்கும் மேலாக ஒரே கிரெயினை, அதாவது ஒரே பொடிப்புள்ளித் தன்மையைப் பரப்ப வேண்டும். கணினி இல்லாத காலத்தில் கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையிலேயே பல படங்களை ஒன்றாக்கும் போட்டோமொன்டாஜும், ஒளி-இருளை ஓரளவு தலைகீழாக்கும் சோலரைசேஷனும் செய்தார். அவருடைய படங்களைப் பொறுமையாகப் பார்ப்பது எந்தக் காணொளிப் பாடத்தையும்விட அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கையால் ஒட்டுவதானால் லேசர் பிரதியையே பயன்படுத்துங்கள். இங்க்ஜெட் மை பசையின் ஈரத்தில் கசியக்கூடும். பத்திரிகைத் தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் அதை மஞ்சளாக்கிவிடுமாதலால் அதற்கும் பிரதியே நல்லது. பைண்டர் கம் எனப்படும் வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, மெழுகுத்தாளை மேலே வைத்துக் கனமான புத்தகங்களின் கீழ் ஓரிரவு விடுங்கள். நன்றாகக் காய்வதற்குள் சட்டமிட்டால், கொழும்பின் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.