காத்துலேர்ந்து குடிதண்ணி எடுக்குறது எப்படி

தண்ணி கட் ஆனா நம்ம தோட்டத்துல எல்லாரும் வாளிய தூக்கிக்கிட்டு லோரிக்குதான் காத்திருக்கோம், ஆனா நம்ம மலேசியா சுங்கை சிப்புட் காத்துலயே எவ்ளோ தண்ணி இருக்கு பாருங்க, 30 டிகிரி சூட்டுல 80 சதவீத ஈரப்பதம்னா ஒரு கன மீட்டர் காத்துல கிட்டத்தட்ட 24 கிராம், பாலைவனத்துல 20 சதவீதம்னா 6 கிராம்தான். அங்கயே எடுக்குறாங்க! வேதியியலாளர் ஓமர் யாகி குழு 2017ல காத்து ஈரத்த உறிஞ்சுற மோஃப்-801னு ஒரு பொடிய வெச்சு வெயில் சூட்டுலயே தண்ணி எடுத்து காட்டுனாங்க, 2025 வேதியியல் நோபல்ல அவருக்கும் பங்கு உண்டு.

நமக்கு சிலிக்கா ஜெல் போதும், காத்து ஈரத்த உறிஞ்சி, சூடு பட்டா திருப்பி விடுற சின்ன மணிங்க அது. சாப்பாட்டு பாக்கெட்டுல போடுற தரத்துல வெள்ளை கலரா கேட்டு வாங்குங்க, நீல கலர் தொடாதீங்க, அதுல கோபால்ட் குளோரைடு இருக்கும், விஷம். ராத்திரி கறுப்பு டிரேல மெல்லிசா பரப்பி மழை படாம வெளிய வைங்க, காலையில அத ஒரு பெட்டிக்குள்ள தள்ளி மேல கண்ணாடிய சரிவா போட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டி நல்ல வெயில்ல வெச்சிருங்க. மத்தியானம் கண்ணாடி உள்பக்கம் முத்து முத்தா பூத்து சரிவுல இறங்கும், அந்த ஓரத்துல ஒரு சின்ன கண்ணாடி தொட்டி இருக்கணும். ஒரு டம்ளர் வந்தாலே பெரிசு. கொதிக்க வெச்சு குடிங்க.

ஏர்கோன் தண்ணிய மட்டும் குடிக்காதீங்க, உள்ள இருக்குற குளிர்குழாய்லேர்ந்து (coil) வர்ற உலோகம் கொதிக்க வெச்சாலும் போகாது, செடிக்கு ஊத்துங்க.