அப்பாவின் பிஎஸ்ஏவுக்கு மிகுனி கார்புரேட்டர் போட்ட கதை

ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது, பர்மாவிலேயே எங்கள் ஊரான மோல்மேனில் முடியும் என்பதால்தான் அப்பாவின் பிஎஸ்ஏ பி31 இன்னும் ஓடுகிறது. 350 சிசி, ஒற்றை சிலிண்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய அமல் கார்புரேட்டரில், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு தேய்ந்து ஆடியது. அந்த இடைவெளியில் காற்று புகுந்ததால் ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலிங் ஒரே சீராக இல்லை. சரி என்று 26 மிமீ மிகுனி விஎம் கார்புரேட்டர் வாங்கினேன்.

இதை இரண்டு போல்ட்டால் நேராக மாட்ட முடியாது, நடுவில் ஒரு அலுமினிய ஃப்ளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ரப்பர் குழாயும் வேண்டும். லேத் பட்டறையில் கடைந்து வாங்கி மாட்டினால், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கவில்லை. பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டை மாற்றி மாற்றி இரண்டு நாள் போனது. அப்புறம் இணைப்பைச் சுற்றி மெல்லிய எண்ணெயைத் தெளித்துப் பார்த்தேன், உடனே எஞ்சின் சத்தம் மாறியது, அங்கேதான் காற்று கசிகிறது! ஃப்ளாஞ்சின் முகம் சமமாக இல்லை. கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்து, முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்த பிறகே புது கேஸ்கெட் வைத்தேன். கசிவு நின்றது.

காற்றுக் கசிவை அடைக்காமல் ஜெட்டைத் தொடாதீர்கள், அது வீண் வேலை. பிறகு ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் கால், அரை, முக்கால் என்று டேப் ஒட்டினேன். அரையில் திணறியது, ஸ்பார்க் பிளக் கரியாக இருந்தது, அதாவது பெட்ரோல் அதிகம், அதனால் ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி ஊசியை இறக்கினேன். முழுத் திறப்பில் மெயின் ஜெட் 160இலிருந்து 150க்கு வந்தது. இப்போது பிளக் இளம் பழுப்பு, இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிறது. அமலைத் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஸ்லைடு கிடைத்தால் அதையும் சரிசெய்வேன்.